பன்னிரண்டு நாள் பதிவுகள்

"பாப்பா, கையில இருக்கற வேலையப் போட்டுட்டு வா. பதிவெல்லாம் கரகரன்னு இரையுது."

அண்ணியின் குரல் போனிலேயே நடுங்கியது. முப்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான்; வெளியே, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குச் சொந்தக்காரி. அண்ணிக்குப் பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களை மறுபடி பேச வைக்கும் வேலை. அவர்கள் வாராவாரம் பேசியதை மூன்று வருடமாக லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை அவற்றை ஆய்வுக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அன்று வெள்ளி.

பாப்பா போய்ச் சேர்ந்ததும் ஒரு பதிவைப் போட்டுக் கேட்டாள். "தண்ணி" என்று ஆரம்பித்த கிழவரின் குரல் பாதியில் நொறுங்கி வெறும் இரைச்சலானது.

"ஹார்ட் டிஸ்க் போகப்போகுது அண்ணி. எத்தனை பார்த்திருக்கேன்" என்றபடி, டிஸ்க்கைத் திருத்தும் புரோகிராமை ஓடவிட்டாள்.

திரையில் வரிகள் ஓடின. சரி செய்யப்பட்டது, சரி செய்யப்பட்டது. முப்பத்தொரு சதவீதம் வந்தபோது அவள் திரையருகே குனிந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஃபைல்கள்கூட அந்த வரிசையில் இருந்தன. டிஸ்க் கெட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெடும். இப்படி மூலைமுடுக்கெல்லாம் ஒரே நாளில் கெடாது. சட்டென்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மெஷினை அணைத்தாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"ஒரு நிமிஷம் அண்ணி. எதையும் தொடாதீங்க."

பையிலிருந்த பென் டிரைவில் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தது. அதை வைத்து மெஷினை எழுப்பி, ஒரே பதிவை மூன்று முறை படிக்கச் செய்து, உள்ளே துளி மாறினாலும் மாறிவிடும் அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டாள். மூன்று முறையும் ஒரே எண். பழைய சிஸ்டத்துக்குத் திரும்பி அதையே செய்தாள். மூன்று முறையும் வேறு வேறு எண்கள்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. டிஸ்க்கோட பேசற டிரைவர்ங்கற புரோகிராம்தான் தப்பாப் படிக்குது, தப்பா எழுதுது. அதை நம்பித் திருத்தப் போனா நல்லா இருக்கறதும் கெட்டுப்போகும்."

"டிரைவர்தானே? ஆளை மாத்திடு" என்றாள் அண்ணி. சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்திக்கொண்டாள்.

பாப்பா அந்த டிரைவர் நிறுவப்பட்ட தேதியைத் தேடினாள். பன்னிரண்டு நாளைக்கு முந்தைய ஞாயிறு. அன்று மத்தியானம் இங்கேதான் சாப்பிட்டாள். மெஷின் மெதுவாக இருக்கிறது என்று அண்ணி சொன்னதும், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, 'எல்லாவற்றையும் புதுசாக்கு' என்றிருந்த பட்டனை அழுத்தியவள் அவளேதான்.

தேதியைக் காட்டாமலே விட்டிருக்கலாம். அண்ணிக்குத் தெரியப் போவதில்லை.

"அண்ணி, அந்த டிரைவரைப் போட்டது நான்தான்" என்றாள். "இன்னிக்கு அவசரப்பட்டுத் திருத்தப் போனதும் நான்தான்."

அண்ணி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பாப்பா டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனாள். எழுத முடியாதபடி பூட்டி, இன்னொரு மெஷினில் மாட்டி, ஒவ்வொரு பதிவாக நகல் எடுத்து எண்ணைச் சரிபார்த்தாள். சாயங்காலம் கணக்கு தெரிந்தது. நானூற்றுப் பத்தில் முன்னூற்று எண்பத்தேழு பிழைத்தன. பதினான்கைத் திருத்தும் புரோகிராம் சிதைத்திருந்தது. கடைசிப் பன்னிரண்டு நாளில் எடுத்த ஒன்பதும் எழுதும்போதே பாழாகியிருந்தன.

பாழானவற்றின் பட்டியலைப் பாப்பா போனில் வாசித்தபோது, ஒரு பெயரில் அண்ணி நிறுத்தினாள்.

"பஸ் கண்டக்டர். ஒன்றரை வருஷமா ஒத்தை ஒத்தை வார்த்தைதான். போன வாரம்தான் முழுசா ஒரு வாக்கியம் சொன்னார்."

"மறுபடி சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணலாமா அண்ணி?"

"சொல்லுவார். ஆனா அது முதல் தடவை ஆகாதே."

பாப்பா பட்டியலில் அந்தப் பெயரின் கீழே கோடு போட்டாள்.

"இன்னிக்கு உன்மேல எனக்குக் கோபம் இருக்கு" என்றாள் அண்ணி கடைசியில். "நாளைக்கும் இருக்கும். காலைல ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போறேன். நல்ல ரெக்கார்டர் ஒண்ணு எடுத்துட்டு வா. லேப்டாப் வேண்டாம்."