வீட்டுக்கு ஒரு கை

ஐரோப்பாக்காரர்கள் நானூறு வருஷமாகக் கட்டி எழுப்பிய அரசியல் தத்துவத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குள், திருத்தணி நெசவாளர் தெருவில் கவிழ்த்துப் போட்டவள் தான்தான் என்று கன்னியம்மாள் சொல்லிக்கொள்வதுண்டு. அதுவும் இரண்டே இட்லி சாப்பிட்ட தெம்பில்.

"கவுக்கறதுக்கு அது இன்னா மாவு குண்டானா?" என்பார் அக்கா வீட்டுக்காரர் ஹேமநாதன். நெசவாளர் சங்கத்தின் செயலாளர் அவர்.

அரக்கோணம் ஸ்டேஷனில் முப்பத்தாறு வருஷம் டிக்கெட் கொடுத்து, இந்தியாவில் பாதிப் பேரை ரயிலேற்றிவிட்டு ஓய்வு பெற்ற கையோடு, கன்னியம்மாள் தபால் வழியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்தாள். அவளைப் பார்த்துத் தெருவில் இன்னும் ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். பரீட்சைக்கு ஒரு மாதம்தான். படிக்க இடமில்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் விசைத்தறி. அந்த அதிர்வில் கன்னியம்மாளின் மூக்குக் கண்ணாடி தானாக நடந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

தெருக்கோடிச் சங்கக் கட்டடத்தின் மாடி அறைக்குத் தறிச் சத்தம் எட்டாது. ஆண்கள் அங்கே கேரம் ஆடுவார்கள்.

"பாவா, சாயந்திரம் ரெண்டு மணி நேரம் அந்த ரூமைக் குடுங்க, போதும்," என்று அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டாள் கன்னியம்மாள்.

"பொதுக்குழுவுல வெக்கறேம்மா. வீட்டுக்கு ஒரு கை. குடும்பத் தலைவருங்க தூக்கினா எடுத்துக்கோ." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு. தெருவில் நாற்பத்திரண்டு வீடு. ஏறக்குறைய அத்தனை வீட்டு ஆணும் கேரம் ஆடுகிறவன்.

அன்று மத்தியானம் பெண்கள் படித்த பாடம் வசமாக வந்து வாய்த்தது. சுதந்திர மனிதர்கள் ஒன்றுகூடி ஒப்பந்தம் செய்தார்கள், அரசு பிறந்தது என்றது புத்தகம். அந்தக் கூட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிடவில்லை. தலைவன் குரலே வீட்டின் குரல் என்று பெரிய பெரிய மூளைகள் எழுதிவைத்துவிட்டன.

"அத்தினி பேரும் கூட்டத்துல குந்திகினு இருந்தா சோறு யாரு ஆக்கினது?" என்றாள் கூடப் படிக்கிற துர்கா. தறிக்கு நூலைத் தார் சுற்றப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்கிறவள்.

கன்னியம்மாள் அதைப் புத்தக ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது: அது சரி, வீட்டுக்குத் தலைவர் யார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அக்கா வீட்டிலிருந்து சங்கத்து விதிப் புத்தகத்தை வாங்கி வந்து புரட்டினாள். அண்ணன் தம்பிகள் தனிக்குடித்தனம் என்று சொல்லி இரண்டு கை தூக்கிய தகராறில், ஹேமநாதனே எழுதிய நான்காம் விதி: குடும்ப அட்டையில் தலைவராகப் பதிவானவரே குடும்பத் தலைவர்.

ஏழு தடவை படித்தாள். எட்டாவது தடவை ருசிக்காக.

பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய வருஷம், அட்டையில் மனைவி தலைவியாக இருந்தால்தான் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தெரு ஆண்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அட்டையை மாற்றினார்கள். மாற்றவே தேவையில்லை என்று பிற்பாடு தெரிந்தது. திரும்பப் போய் வரிசையில் நிற்க யாருக்குப் பொறுமை?

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்குள் முப்பத்தொன்பது பெண்கள் அட்டையோடு நுழைந்தார்கள். அவர்கள் நடந்து வந்த நடையில் முருகன் மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்தும் ஒருதரம் எட்டிப் பார்த்தன.

ஹேமநாதன் பேனா மூடியைத் திறந்தபடி, "நீங்கள்ளாம் எங்கம்மா வந்துகினு?" என்றார்.

அவர் மனைவி ஜெயம்மாள் அட்டையை அவர் மூக்கருகே நீட்டினாள். "இதுல யாரு போட்டோ, பாருங்க."

"அது சும்மா பேப்பர்ல போட்டதுடி. வூட்டுக்குத் தலைவர் நான்னு ஊருக்கே தெரியும்."

"எங்க பொஸ்தகத்துலயும் இதான் பாவா தகராறு," என்றாள் கன்னியம்மாள். "எல்லாரும் சமம்னு பேப்பர்ல எழுதிட்டு, வூட்டுல மட்டும் நான்தான்னுட்டாங்க. விதி நாலைப் படிங்க."

படித்தார். தன் கையெழுத்தை அவரால் மறுக்க முடியவில்லை. முப்பத்தொன்பது கை எழுந்தது. கல்யாணமே ஆகாத ஆறுமுகமும் சேர்த்துத் தூக்கினார். கேரத்தில் எப்போதும் தோற்கிறவர். மாடி அறை பெண்களுக்கு என்று ஹேமநாதன் தீர்மானத்தை எழுதினார்.

கன்னியம்மாள் உட்காரவில்லை. "இந்த விதியே தப்புங்க. வீட்டுக்கு ஒரு கைன்னா, இன்னைக்கு ஆம்பளைங்க வெளிய, நாளைக்கு நாங்க வெளிய. ஆளுக்கு ஒரு கைன்னு மாத்தணும்."

"இருடி," என்றாள் ஜெயம்மாள். "முப்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் தலைவி ஆயிருக்கேன். ஒரு மாசம் இருந்துட்டுக் குடுக்கறேனே."

ஹால் குலுங்கிச் சிரித்தது, ஆண்களும்தான். ஆளுக்கு ஒரு கை, அடுத்த மாதத்திலிருந்து என்று முடிவானது.

அடுத்த வாரம் டீக்கடையில், கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்திருந்த சம்பந்தி ஹேமநாதனைக் கேட்டார்: "உங்க மச்சினி என்னமோ ஐரோப்பாவையே கவுத்துட்டேன்னு சொல்லிகினு திரியுதாமே, நெசமா?"

ஹேமநாதன் டீயை ஒரு வாய் குடித்தார். "ஐரோப்பா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார். "ஆனா கவுந்துச்சு. பத்து இருபத்தஞ்சுக்கு. எழுதினதே நான்தான்."