மனசு மாறிட்டியாம்மா

கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், விட்டால் பட்டென்று மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு, உள்ளேயிருந்து ஏசிக் காற்று ஒரு கன்னத்தில் படுகிறது, வெளியே சென்னை வெயில் மறு கன்னத்தில் காய்கிறது, உள்ளே சுவரில் தொங்கும் பலகையில் சிவப்பு விளக்கெழுத்தில் ஒன்று என்ற எண் எரிகிறது, எங்கள் பிரிவில் மிச்சமிருக்கிற ஒரே ஒரு எம்.பி.பி.எஸ். இடம், நான் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, உள்ள போடி, என்கிறேன், என் முகத்தையே வைத்திருக்கும் ஒருத்தி என்னைத் தாண்டிப் போகிறாள், அவள் துப்பட்டா என் கையில் உரசுகிறது, ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள், கதவு மூடிக்கொள்கிறது. என்ன சொல்ல வந்தாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை, யோசித்திருக்கலாம், யோசிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

போடியில் பிறந்த இரட்டைகள் நாங்கள், முதலில் வெளியே வந்தது பூங்கோதை, கொஞ்ச நேரம் கழித்து நான், கணக்குப்படி அவள்தான் மூத்தவள், ஆனால் பிரசவம் பார்த்த எஸ்தர் சிஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, பின்னாடி வந்ததுதான் பெரியது, முதல்ல ஏறி உள்ள போயி உக்காந்தது அதுதானே, அதான் கடைசியா எறங்குது, என்று சொல்லிவிட்டாளாம், பஸ்ஸில் ஏறி இறங்குகிற நியாயம், அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், அந்த நிமிஷத்திலிருந்து நான் பெரியவள், அவள் சின்னவள், அவள் என்னை அக்கா என்றாள், பள்ளிக்கூடமே அவளைப் பார்த்து என்னை அக்கா என்றது. தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு, சின்னவளுக்கு, நீ பெரியவதானே, என்பாள் அம்மா, முதலில் சைக்கிள் ஓட்டிப் பார்ப்பது யார், வெள்ளிக்கிழமை வாரப்பத்திரிகை வந்தால் தொடர்கதையை முதலில் படிப்பது யார், அவள்தான், படித்துவிட்டு, அக்கா, அந்த டிரைவர்தான் கொலைகாரன், என்று என் காதில் ஊதிவிட்டு ஓடுவாள், கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டே ஒரு கதையைப் படிக்கிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. எனக்கு அதில் வருத்தமிருந்ததா, தெரியவில்லை, கை தானாக நீளும், கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடும், கொடுத்த பிறகு அம்மா தலையைத் தடவுவாள், அந்தத் தடவலுக்காகவே இன்னும் கொஞ்சம் கொடுக்கத் தோன்றும். அப்பா மட்டும் ஒருநாளும், நீ பெரியவதானே, என்று சொன்னதில்லை, இதைக்கூட இப்போதுதான் கவனிக்கிறேன், அம்மா சொன்னதையே எல்லார் வாயிலும் கேட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் கடைவீதியில் மெடிக்கல் ஷாப், ஊரிலிருக்கிற அத்தனை டாக்டர்களின் கிறுக்கலும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு, நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு மருந்துச் சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், இது என்ன தாயி, என்பார், அமாக்ஸிசிலின்ப்பா, சாப்பாட்டுக்கு அப்புறம், என்பேன், எந்த மாத்திரை எந்த வியாதிக்கு என்று கேட்டுக் கேட்டு அவரைத் துளைத்தெடுப்பேன். கோதை அந்தப் பக்கமே வரமாட்டாள், இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜ் ஒருநாள் நின்றுபோனபோது மட்டும் வந்தாள், பின்பக்கத்தைக் கழற்றி ஏதோ ஒரு ஒயரை உரசி ஒட்டவைத்தாள், அது உறுமிக்கொண்டு ஓடியது, எப்பிடிடி, என்றேன், அதுவே சொல்லுச்சுக்கா, என்றாள், மூக்கில் கரியோடு. இதெல்லாம் கண்ணுக்கு நேராக நடந்தது, கொலைகாரனைக் கடைசிவரை டிரைவர் சீட்டிலேயே உட்காரவைத்திருக்கிற தொடர்கதை மாதிரி, நான்தான் பார்க்கவில்லை.

பிளஸ் டூ, நுழைவுத் தேர்வு, எல்லாம் முடிந்து மார்க் வந்தபோது ஊர் சிரித்தது, இரண்டு பேருக்கும் ஒரே கட்-ஆஃப், பாயிண்டுக்கு அப்புறம் வருகிற எண்கள்கூட மாறவில்லை, சயின்ஸ் வாத்தியார், ஒருத்தியப் பாத்து ஒருத்தி எழுதினீங்களாடி, என்று கேட்டார், வேற வேற ஹால் சார், என்றாள் கோதை, அப்ப வயித்துக்குள்ளயே பேசி வச்சிருக்கீங்க, என்றார் அவர். விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் போனால் ஸ்டூடியோக்காரர், எதுக்கும்மா ரெண்டு பேரும் உக்காந்துக்கிட்டு, ஒண்ணு எடுத்து ரெண்டா போட்டுத் தர்றேன், யாரு கண்டுபிடிக்கப்போறா, என்றார், அப்பாவுக்குக் கோபம், அதெப்படிங்க, ரெண்டும் ரெண்டு புள்ளைக, என்று இரண்டு தடவை உட்காரவைத்தார், ஆனால் கடையில் மருந்துப் பெட்டிமேல் விண்ணப்பங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எந்தப் படம் யாருடையது என்று அவருக்கே குழம்பிப்போனது, ஒட்டினார், உரித்தார், மறுபடி ஒட்டினார், தாயி, இது நீதானே, என்று என்னைக் கேட்டார், எனக்கும் நிச்சயமில்லை, ஆமாப்பா, என்றேன். கோதை தன்னுடையதைப் பூர்த்தி செய்துவிட்டு, அக்கா, இன்ஜினியரிங்குக்கும் ஒண்ணு போட்டிருக்கேன், சும்மா, என்றாள், சும்மா என்ற அந்தச் சொல்லை அவள் சொன்ன விதம், குரலை இறக்கி, என்னைப் பார்க்காமல், சும்மாவா அது.

கட்-ஆஃப் ஒன்று, உயிரியல் மார்க் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று, பிறகு யார் முன்னால் யார் பின்னால் என்பதைக் கம்ப்யூட்டர் போடுகிற குலுக்கல் எண்தான் சொல்லும், சொன்னது, நான் முன்னால், அவள் எனக்கு அடுத்து, ஆயுசில் முதல் தடவையாக நான் முன்னால். கவுன்சலிங் நடந்த மண்டபத்தில் ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலிகள், பெற்றோர்கள் ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட உள்ளே பலகையில் எண் இறங்குகிறது, எங்களுக்கு முன்னால் போன பையன் வெளியே வந்து அவன் அம்மா தோளில் முகத்தைப் புதைத்தபோது பலகை ஒன்றுக்கு வந்திருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போகிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, வெற்றிலை போட்ட உதடு, களைத்த கண்கள், உக்காரும்மா, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, திருநெல்வேலி, எடுத்துக்கிறியா, என்கிறார், எடுத்துக்கிறேன் என்ற சொல் என் நாக்கில் இருக்கிறது, இனிப்பாக, கனமாக, எதற்கோ நான் திரும்பிப் பார்க்கிறேன். அங்கேதான் எல்லாமே போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா, அவருக்குப் பக்கத்தில் கோதை, அவள் முகம் வெளுத்திருக்கிறது, எனக்கு இல்லாமப் போச்சே என்று நிற்கிற முகம், அப்படித்தான் படித்தேன் நான், அப்பா கையைத் தூக்குகிறார், புறங்கையால் காற்றைத் தள்ளுகிறார், ஒரு தடவை, இன்னொரு தடவை, விட்டுரு தாயி, விட்டுரு, எனக்குக் கேட்டேவிட்டது, அம்மா குரலில் கேட்டது, நீ பெரியவதானே.

சார், எனக்கு வேண்டாம், அடுத்து என் தங்கச்சிதான் வர்றா, அவளுக்குக் குடுத்துருங்க, என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், இது என்ன பஸ் சீட்டாம்மா, துண்டு போட்டு இடம் பிடிச்சுக் குடுக்க, வேண்டாம்னு கையெழுத்துப் போட்டா போட்டதுதான், வீட்ல கேட்டியா, என்றார், கேட்டுட்டேன் சார், என்றேன், யாரையும் கேட்கவில்லை நான், கையெழுத்துப் போட்டேன், வெளியே வந்தேன், கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், உள்ள போடி. அவள் போன பிறகு கயிற்றோரம் வந்து நின்ற என்னிடம், என்னாச்சு தாயி, என்றார் அப்பா, அவ எடுத்துக்கிறாப்பா, என்றேன், அப்பா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது, சந்தோஷம் என்று நினைத்தேன், அம்மா என் தலையைத் தடவி, எனக்குத் தெரியும்டி, என்றாள். ரயிலில் திரும்பி வரும்போது கோதை ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள், அதற்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

பிறகு வருஷங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மருந்துப் பெட்டிகள் மாதிரி ஏறி உட்கார்ந்தன, மறுபடி எழுதிப் பாக்குறியா தாயி, என்று அப்பா ஒரு தடவை கேட்டார், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல் இருக்கும் என்று பட்டது, வேண்டாம்ப்பா, பி.ஃபார்ம் போறேன், என்றேன், உனக்கு இஷ்டம்னா சரி, என்றார் அவர், அந்தச் சரிக்குள் எவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது என்று இப்போது கேட்கிறது. அவர் இறந்த பிறகு கடை எனக்கு, தெருவுக்கு அந்தப் பக்கம் கோதையின் கிளினிக், நல்ல டாக்டர், பொறுமைக்காரி என்று பேர், கூடவே இன்னொரு பேரும் உண்டு, பி.பி. மிஷினைத் தானே பிரித்துச் சரிபண்ணுவாள், நோயாளி வீட்டு மிக்ஸியைக்கூடப் பார்த்துக்கொடுத்தாளாம், காய்ச்சலுக்குப் போனா கிரைண்டரையும் தூக்கிட்டுப் போங்கடி, என்று ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறும் பெண்கள் கேலி பேசுவார்கள். அவர்களில் ஒருத்தி, ராசம்மா, ஒருநாள் கடை வாசலில் நின்று, டாக்டரம்மா, நீங்க இங்கயா இருக்கீக, என்று கல்லாமேல் மணிக்கட்டை நீட்டினாள், ஏலக்காய் வாசம் ஏறிய கை, நாடி பாக்கணும் தாயி, படபடன்னு வருது, என்றாள், நான் அவ இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, விரலை வைத்தேன், அவள் ரத்தம் என் விரலுக்கடியில் ஓடியது, கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்தான், பிறகு, நான் அவுக அக்கா, டாக்டர் எதுத்தாப்புல இருக்காக, என்றேன், அடி ஆத்தி, அதான் கை இம்புட்டு நேரம் இருந்துச்சு, அந்தம்மா வச்சதும் எடுத்துரும், என்று சொல்லிவிட்டுப் போனாள் ராசம்மா, அந்த விரல்களை நான் அன்று முழுக்க எதிலும் வைக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், கூட்டமில்லை, கோதை கெட்டுப்போன நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள், அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தாள், முகத்தில் அப்படியொரு வெளிச்சம், ஸ்டெதஸ்கோப் மாட்டியிருக்கும்போது அவளிடம் நான் பார்த்திராத வெளிச்சம், ஏண்டி, புதுசு வாங்கினா என்ன, இதெல்லாம் டாக்டர் செய்யுற வேலையா, என்றேன், இது ஒண்ணுதான்க்கா நானா ஆசைப்பட்டுச் செய்யுற வேலை, என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு தலை நிமிராமலே, அக்கா, அன்னைக்கு ஏன் வேண்டாம்னுட்டு வந்த, என்றாள், இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி, அப்பாதான் கை காட்டினாரேடி, விட்டுருன்னு, என்றேன். ஸ்க்ரூ டிரைவர் நின்றது. விட்டுருன்னா, என்றாள், போன்னு காட்டினார்க்கா, நான் பக்கத்துலதானே நின்னேன், திரும்பிப் பாக்குறாளே, நேரம் போகுதே, போ தாயி, வாங்கு தாயின்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே கையக் காட்டினார், இன்னொரு கையால என் கையப் புடிச்சிருந்தார், சில்லுனு இருந்துச்சு. அப்ப நீ, உன் மூஞ்சி, அழுற மாதிரி நின்னியேடி, என்றேன், நீ எங்க வேண்டாம்னுட்டு வந்துருவியோன்னு பயம்க்கா, என்றாள் கோதை, நீ வாங்கிட்டா நான் தப்பிச்சேன், அடுத்த வாரம் இன்ஜினியரிங் கவுன்சலிங், எலெக்ட்ரானிக்ஸ் நிச்சயம் கெடைச்சிருக்கும், நீ பாட்டுக்குக் கதவைத் தொறந்து உள்ள போடின்னு சிரிக்கிற, அந்தச் சிரிப்பு மூஞ்சிகிட்ட வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது.

இன்னொண்ணு கேளு, என்றாள், உள்ள போனதும் அந்த ஆளு என்னப் பாத்து, என்னம்மா, மனசு மாறிட்டியான்னார், நீதான் திரும்பி வந்துட்டேன்னு நெனச்சிட்டார், நீ கையெழுத்துப் போட்ட பேப்பர் அவர் முன்னாலயே கெடந்துச்சு, இன்னும் சீல் வைக்கல, ஆமா சார், மாறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டுட்டு உன் பேர்லயே உனக்கு வாங்கிட்டு வந்திருப்பேன், போட்டோகூட ஒரே மூஞ்சிதானே, நாக்கு நுனிக்கு வந்துச்சுக்கா, வந்துட்டு நின்னுருச்சு, அக்கா குடுத்தா வாங்கிக்கணும், அப்பிடித்தானே நம்ம வளந்தோம். ஒரு வார்த்தை நீ என்னைக் கேட்டிருக்கலாம்ல, என்றாள், கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. நெபுலைசரை மூடி, பொத்தானை அழுத்தினாள், அது புஸ்ஸென்று மூச்சுவிட ஆரம்பித்தது, அவள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள், கிளினிக் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் என்னை அறியாமல் புறங்கையால் காற்றைத் தள்ளினேன், போ என்றா, விடு என்றா, எனக்கே தெரியவில்லை, இந்தப் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கைதான்.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்தக் கதவு வருகிறது, ஆனால் பிடித்துக்கொண்டு நிற்பது நானில்லை, கோதை நிற்கிறாள், மூக்கில் கரியோடு சிரிக்கிறாள், உள்ள போக்கா, என்கிறாள், அவளுக்குப் பின்னால் கயிற்றோரம் அப்பா கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார், போ தாயி, அந்த உதடுகளை இப்போது என்னால் எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிகிறது, நான் உள்ளே போகிறேன், பலகையில் அந்தச் சிவப்பு ஒன்று இன்னும் எரிகிறது, வெற்றிலை உதட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்க்கிறார், மனசு மாறிட்டியாம்மா, என்கிறார், ஆமா சார், மாறிட்டேன், என்கிறேன், எவ்வளவு சுலபமான சொல், அவர் அந்தத் தாளை எடுத்துக் கிழிக்கப் போகிறார், அதற்கு முன்னால், பேரைச் சொல்லும்மா, நீ யாரு, பெரியவளா சின்னவளா, என்கிறார், நான் வாயைத் திறக்கிறேன், கதவு மூடிக்கொள்கிறது.