பட்டியலில் பத்தாவது

மகிமா செய்தது பொய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொய்யால் யாருக்கும் ஒரு சேதமும் வராது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். பொய் சொல்கிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

தேனி பஜாரில் அவளுடைய அப்பா அய்யாத்துரைக்கு இரும்புக்கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், திராட்சைப் பந்தலுக்குக் கம்பி என்று எது கேட்டாலும் எடுத்துப் போடுவார். ஒரே மகளான மகிமாவுக்கு இருபத்தாறு வயது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பில் போடுவாள், ஆள் வராத நேரமெல்லாம் படிப்பாள். படிப்பது முழுக்க இங்கிலீஷில் வருகிற மாயாஜால நாவல்கள், பதினாறு வயசுப் பிள்ளைகள் ராஜ்யங்களைக் காப்பாற்றுகிற கதைகள். பிள்ளை பெற்று அதற்கு வாசித்துக் காட்ட வேண்டிய வயதில் இவளே உட்கார்ந்து வாசிக்கிறாளே என்று அம்மா சுகிர்தம் சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவாள்.

இன்ஸ்டாகிராமில் மகிமாவுக்கு ஒரு பக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, அந்த வருஷம் படித்ததில் பிடித்த பத்து நாவல்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அதில் போடுவாள். ஆயிரத்துச் சொச்சம் பேர் அதற்காகக் காத்திருப்பார்கள். போன வருஷம் ஒன்பது புத்தகங்கள் சட்டென்று அமைந்துவிட்டன. ஒரு நினைவைக் கொடுத்தால்தான் ஒரு மந்திரம் சொல்லித்தருகிற பள்ளிக்கூடம், ஏரிக்கு அடியில் செத்தவர்கள் குடியிருக்கிற ஊர், ஒற்றைச் சிறகோடு பிறந்த கொல்லன் மகள் என்று ஒவ்வொன்றும் அவளைத் தூங்கவிடாமல் செய்தவை. பத்தாவது இடத்தில் அவள் தன்னுடைய நாவலையே வைத்தாள்.

ஜனவரியில் ஆரம்பித்து அக்டோபர் வரை, பில்லுக்கும் பில்லுக்கும் நடுவில் இங்கிலீஷில் எழுதியது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஒன்றிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது, மற்ற மூன்றும் அந்த இரண்டு வரிக்குக்கூட வக்கில்லாமல் இருந்துவிட்டன. போங்கடா என்று ஆகிவிட்டது அவளுக்கு. போனிலேயே ஓர் அட்டைப்படம் செய்து, எழுதியவர் என்று ஒரு வெள்ளைக்காரிப் பெயரைப் போட்டு, நாலு வரி புகழ்ந்தும் வைத்தாள். மற்ற ஒன்பதோடு அதுவும் ஒரு தடவை வரிசையில் நின்று பார்க்கட்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பத்தாவது புத்தகம் அற்புதம் என்று ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். அவளோடு காலேஜில் படித்த போடிக்காரி ஜான்சி ஒரு படி மேலே போய், தான் அதை ரெண்டு தடவை படித்ததாகவே எழுதினாள். மகிமாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பற்றிக்கொண்டு வந்தது. அனுப்பினால் படிக்காமலே ஒதுக்குகிறார்கள், போட்டால் படிக்காமலே புகழ்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் கிடைக்கமாட்டாரா என்று இருந்தது.

ஜனவரி கடைசியில் பெண் பார்க்க வந்தான் செல்வின். உத்தமபாளையம் கோர்ட்டில் டைப்பிஸ்ட், சாட்சிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அடிக்கிற வேலை. பத்து நிமிஷம் தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் லீவில் சம்பந்தம் பேச ஆரம்பித்ததிலிருந்து அவள் பட்டியலில் உள்ளதையெல்லாம் வாசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். அவளுக்கு வாயெல்லாம் பல். எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டாள்.

"பத்தாவது," என்றான். "முடிவ வாசிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்."

கீழே இறங்கும்போதே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் என்ன காரணம் சொல்வது? அவனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தன்னைச் சொல்ல வேண்டும். அம்மாவோ, பையன் பாடகர் குழுவில் பாடுகிறான், கவர்மெண்ட் வேலை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மறுநாள் மகிமா அவனுக்கே போன் போட்டு, அந்தப் புத்தகம் எங்கேயும் கிடையாது, அது நான் எழுதியது என்று போட்டு உடைத்தாள்.

அவன் ஒத்துக்கொண்டான். ஒன்பதையும் நிஜமாகவே வாசித்தானாம், பத்தாவதை எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம், ஒன்பது வாசித்தவன் ஒன்றில் தோற்றுப்போவதா என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டானாம். ஒன்பது வாசித்த கதையையும் அவள் நம்பவில்லை. வைத்துவிடலாம் என்று இருந்தபோது அவன் கேட்டான், "அத நான் வாசிக்கக் குடுப்பீகளா?"

அந்த ஒரு கேள்வியில் அவள் விழுந்துவிட்டாள். அதுவரை அப்படி ஒரு ஆத்மா அவளிடம் கேட்டதில்லை.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். வீட்டில் சரி என்றும் சொன்னாள். பிப்ரவரியில் நிச்சயம் ஆயிற்று. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான லெந்தில் கல்யாணம் கிடையாது என்பதால் மே மாதத்துக்குத் தேதி குறித்தார்கள். அந்த நாற்பது நாளும் செல்வின் தினம் போன் செய்தான். நாவலைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கல்யாணச் சேலை எடுக்கப் போன இடத்திலும் அவளுக்கு அந்தக் காகிதக் கட்டைப் பற்றிய நினைப்புத்தான்.

ஈஸ்டர் முடிந்ததும் சர்ச்சில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைப் பாஸ்டர் கேட்பார். இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவதற்கு முந்தின நாள், அய்யாத்துரை டீ குடிக்கப் போயிருந்த நேரம், செல்வின் அந்தக் கட்டோடு கடைக்கு வந்தான்.

"உண்மையச் சொல்லுங்க," என்றாள் மகிமா. "இந்தத் தடவை பொய் வேண்டாம்."

அவன் கட்டைக் கல்லா மேல் வைத்துப் பிரித்தான். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எண்கள். மூன்று, ஏழு, ஒன்று, திரும்பவும் மூன்று. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காதெல்லாம் சுட்டது. அவளுடைய பட்டியலின் எண்கள் அவை.

"இந்தப் பள்ளிக்கூடம் மூணுல இருந்து வந்தது. ஏரிக்குப் பதிலா ஆத்துக்கு அடியில ஊரு, அது ஏழு," என்றான் தணிந்த குரலில். "கோர்ட்டுல ஒருத்தர் சொன்னதையே இன்னொருத்தர் வந்து சொன்னா, டைப் அடிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிரும். இதுல அந்த ஒம்பதும் இருக்கு. நீங்க இல்ல."

ஒன்பதையும் அவன் வாசித்தது நிஜம்தான். வாசிக்காதவனால் இப்படி எண் போட முடியாது. அதை அவள் தெரிந்துகொள்ள வேண்டிய விதம் இதுவா?

அவன் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான். கதாநாயகி கோட்டைக்குக் கிளம்புவதற்கு முன், துருப்பிடித்த ஆணிகளையும் நல்ல ஆணிகளையும் தரம் பிரிக்கிற பக்கம். "இதுக்கு மட்டும் நம்பர் போட முடியல," என்றான். கதைக்கு ஒட்டவில்லை என்று அவள் கிழித்துவிட நினைத்திருந்த பக்கம் அது. பத்து மாசம் எழுதியதில் ஒரே ஒரு பக்கம்.

"நீங்க அன்னைக்குச் சொன்ன பொய்யவே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"நீங்கதான கேட்டீக," என்றான் அவன். அவன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு வெறுக்கச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுப் பாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார். என்ன சொல்வது? அவன் பொய் சொன்னான் என்றா? அதை மன்னித்தாயிற்று. உண்மை சொல்லிவிட்டான் என்றா? அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தினால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். சுகிர்தம் பூரிப்பில் மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் எழுதியதை முழுக்கப் படித்த ஒரே ஆளோடு அவள் இனி ஆயுசுக்கும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை, அடுத்துப் பாட வேண்டிய பாட்டின் எண்ணைச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துப் பட்டியலிலிருந்து பத்தாவதை நீக்கினாள். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் ஜான்சியிடமிருந்து செய்தி வந்துவிட்டது.

"ஏன்டி அத எடுத்த? அந்த முடிவ நெனச்சா எனக்கு இன்னமும் அழுகை வருது."

ஒரு வரிகூடப் படிக்காதவள். அது மகிமாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்தச் செய்தியை மூன்று தடவை வாசித்தாள், மூன்று தடவையும் இதமாக இருந்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது. அந்த அருவருப்போடேயே பழைய அட்டைப்படத்தைத் தேடி எடுத்து, வெள்ளைக்காரிப் பெயரோடு, இந்தத் தடவை தனியாகவே, யார் யார் பார்த்தார்கள் என்று காட்டுகிற ஸ்டோரியில் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் லைக் போட்டிருந்தார்கள். செல்வின் அதைப் பார்த்திருந்தான். லைக் போடவில்லை.