முத்திரையிட்ட எஞ்சின்

கொழும்புக் கம்பனியிடம் நான் வாங்கிய தண்ணீர் இறைக்கும் எஞ்சினில் ஈய முத்திரை ஒன்று தொங்கியது. "இதை உடைச்சால் கம்பனி பிறகு ஒரு ஆணியும் தராது. பழுதெண்டால் கம்பனியின்ர வெள்ளைக்காரத் துரைதான் வந்து திறக்கவேணும்," என்றார் அதை விற்ற ஏஜண்ட் செல்வநாயகம். காசு கொடுத்தவன் நான், உள்ளே பார்க்கிற உரிமை துரைக்கு! மன்னார் உப்புக்குளத்தில் கடை வைத்திருக்கும், ஊரே 'நானா' என்று கூப்பிடும் இந்தக் காமிலுக்கு வயிறு எரியாதா?

எரிந்தாலும் வாயை மூடிக்கொண்டு எஞ்சினை நறுவிலிக்குளத்துக்கு வண்டியேற்றினேன். அந்த வருடம் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர், என் கடைக்கு நெல் போடும் ஏரம்பு அண்ணரின் வயல்வரை எட்டவில்லை. வாய்க்காலில் கிடந்த மிச்சத்தை இறைத்தால்தான் நெல் பிழைக்கும். அவர் மனைவி மனோன்மணி எஞ்சினுக்குத் தேங்காய் உடைத்து, கண்ட இடமெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தாள். புதுக் கலப்பை வந்தாலும் அவர்கள் வீட்டில் அப்படித்தான்.

எஞ்சின் சற்று நேரம் ஓடியது, நின்றது. மறுபடி சுற்றினோம். ஓடியது, நின்றது.

செல்வநாயகத்துக்குத் தந்தி அடித்தேன். துரை வர ஒரு மாதமாகுமாம்.

"கதிர் பால் பிடிக்கிற நேரம், நானா. ஒரு மாதத்தில வைக்கல்தான் மிஞ்சும்," என்றார் ஏரம்பு. அதைக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம்! குறடொன்றை எடுத்து முத்திரையை அறுத்தெறிந்தேன்.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? மூவரும் குனிந்தோம். கழற்றியதையெல்லாம் மனோன்மணி கழன்ற வரிசையிலேயே பாயில் அடுக்கினாள். "இது ஏன் மேலயும் கீழயும் போகுது? இதைத் தள்ளுறது எது?" என்று என்னைத் துளைத்தெடுத்தாள். மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது. பழுது மட்டும் அகப்படவில்லை. திரும்பப் பூட்டினோம். ஓடியது, நின்றது.

எஞ்சின் எரிக்கும் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க அவள் தொட்டி மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், காற்றுக்காக விட்டிருந்த சிறு துளையைச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. காற்றுப் போகாமல் எண்ணெய் எப்படி இறங்கும்?

"ஐயோ, நான் வச்ச பொட்டா!" என்று தலையில் கைவைத்தாள்.

"அநியாயமா முத்திரையை உடைச்சிட்டனே!" என்று நான் கத்தினேன்.

துளையைக் குத்திவிட்டுச் சுற்றினோம். எஞ்சின் நிற்கவே இல்லை. ஏரம்பு எங்களை மறந்து, வயலுக்குள் பாயும் தண்ணீரின் பின்னால் ஓடினார்.

அறுவடைக்குக் கிட்ட செல்வநாயகம் வயலுக்கு வந்தார். முத்திரை இல்லாததைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. "இனிக் கம்பனி உங்களுக்கு ஒண்டும் தராது."

"தராட்டிப் போகட்டும். தேயிறதை மன்னார்க் கொல்லனிட்டச் செய்விப்பம். உள்ளுக்கு எது எப்பிடி இருக்கெண்டு இப்ப எங்களுக்குத் தெரியும்," என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எத்தினையோ எஞ்சின் வித்திட்டன், நானா. எனக்கும் திறக்க அனுமதியில்லை. உள்ளுக்கு என்ன இருக்கு?"

மனோன்மணி எஞ்சினுக்குப் பக்கத்தில் அதே பாயை விரித்தாள்.

"இருங்கோ," என்றாள்.