முதல் வரி இல்லாத பாட்டு

அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி அவிழ்ந்திருந்தது. சந்திரவல்லி குனிந்து மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப்பு வந்து நின்றது. போடிமெட்டு வளைவுகளில் இறங்கி வந்த ஜீப்பு. பின்பக்கத்திலிருந்து பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். எல்லாரும் அம்மா முத்துப்பேச்சியோடு ஏலக்காட்டில் காய் எடுத்தவர்கள்.

புருசன் செத்த பிறகு, மகளைச் சிலமலையில் அவன் அண்ணன் ராக்கையா வீட்டில் விட்டுவிட்டு மலைமேல் கேரள எஸ்டேட்டுக்குப் போனவள் முத்துப்பேச்சி. பொங்கலுக்கு வருவாள். மகளின் தலையை மடியில் வைத்துப் பேன் பார்ப்பாள். அதிகம் பேசமாட்டாள். காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் பேசவில்லை.

அழுது ஓய்ந்தபின், வந்தவர்களில் ஆயம்மாள் என்பவள் ராக்கையாவிடம் போனாள்.

"அண்ணே, அக்காவுக்கு நாங்க ஒரு பாட்டுப் பாடணும்."

"ஒப்பாரிக்கு ஆளு இருக்குத்தா."

"ஒப்பாரி இல்லண்ணே. யூனியன் பாட்டு."

ராக்கையாவின் முகம் இறுகியது. "எழவு வீட்லயா? ஊரு என்ன பேசும்?"

ஆயம்மாள் சந்திரவல்லியின் பக்கம் திரும்பினாள். "யூனியன் கமிட்டிக்கு ஆள் எடுக்கையில ஆம்பளைக மட்டுந்தேன் கை தூக்குவாக, தாயி. காய் எடுக்குறது நாம, கூலி பேசுறது அவுகளான்னு ஒங்கம்மா கேட்டா. கூட்டம் நடக்குற கொட்டகைக்கு வெளிய எங்கள நிறுத்திப் பாட வச்சா. தமிழாளு, மலையாளத்தாளு, எந்தச் சாதின்னும் பாக்கல. நல்ல மழை. எங்க சத்தத்துல உள்ள ஒருத்தரும் பேச முடியல. கடைசில கதவத் தெறந்து எங்க கையையும் எண்ணுனாக."

அம்மா பாடுவாள் என்பதே சந்திரவல்லிக்குத் தெரியாது.

"பாடட்டும் பெரியப்பா."

அந்த வீட்டில் வளர்ந்த காலத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. ராக்கையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெரசா முடிங்க" என்று சொல்லிவிட்டு மேளக்காரர்களைக் கையமர்த்தினார்.

பெண்கள் பாடையைச் சுற்றி நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரே மூச்சில் எடுத்தார்கள்.

"எங்க கையும் ஒசருது பாரு!"

மலையாளப் பெண்கள் அதையே தங்கள் பேச்சில் சேர்ந்து பாடினார்கள். மறுபடி மௌனம். மறுபடி அதே வரி.

சந்திரவல்லி பக்கத்தில் நின்ற மலையாளப் பெண் மரியக்குட்டியிடம் குனிந்தாள். "நடுவுல ஏன் நிறுத்துறீக?"

"அது ஒன் அம்மெ பாடுற எடம், மோளே. அவளு மொதல்ல எடுக்கும். ஞங்ஙள் பின்னால பாடும்."

"அதையும் நீங்களே பாடுங்களேன்."

மரியக்குட்டி தலையசைத்தாள். "ஒவ்வொரு தடவையும் அவளு புதுசா கெட்டிப் பாடும். ஞங்ஙளுக்கு அறியில்லா, தெரியாது."

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரைதான் போகலாம். அங்கே நின்று, இடம் விட்டு விட்டுப் பாடினார்கள். பருத்திக்காட்டை ஒட்டிப் பாடை திரும்பி மறைந்தது. அதன்பிறகும் காத்து நின்றார்கள். முதல் வரியை யாரும் எடுக்கவில்லை.

ஆயம்மாள் முதலில் புழுதியில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சந்திரவல்லி அவர்கள் அருகே வந்து நின்றாள். மரியக்குட்டி சற்று நகர்ந்து, தன் ஸ்வெட்டரைக் கழற்றித் தரையில் விரித்தாள்.