பாக்கெட்டில் இருந்த அடைப்பான்

…இல்லை, முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன், எபனேசர், வயது இருபத்தேழு, மினசோட்டாவில் ஓர் ஏரிக்கரையில், ஆர்லிஸின் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுவிட்டு ஈர சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், விரல் விறைத்துவிட்டது, அதனால் போனிடம் வாயால் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது, பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை… ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ‘வால்ஐ’ என்கிற ஏரி மீனைப் பிடிக்க இந்த வருடம் இதுதான் முதல் நாள், பனிக்காலம் முழுக்க ஊரே இந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் பேசியது, பிரிட்டா வீட்டில் படகு ஓட்டுவது அவள் அம்மா ஆர்லிஸ், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், செப்டம்பரில் எனக்கும் பிரிட்டாவுக்கும் கல்யாணம் என்பதால் படகில் எனக்கும் ஓர் இடம், கூடவே ஒரு வேலை. படகின் பின்பக்கம் அடியில் ஓர் ஓட்டை உண்டு, ரோட்டில் போகும்போது அதன் அடைப்பானைக் கழற்றித்தான் வைக்க வேண்டும், ஓர் ஏரியின் தண்ணீர் இன்னோர் ஏரிக்குப் போகக் கூடாது, சட்டம், ஆனால் ஏரியில் இறக்கும் முன் மறக்காமல் மாட்ட வேண்டும், அதுதான் என் வேலை, அதைத்தான் மறந்தேன், படகை இறக்கும் சரிவில் எங்களுக்குப் பின்னால் பதினொரு வண்டி, எவனோ ஹாரன் அடித்தான், நான் அவசரமாகக் கயிற்றை அவிழ்க்க ஓடிவிட்டேன்.

வேகமாகப் போய்க்கொண்டிருந்தவரை படகில் ஒன்றும் தெரியவில்லை, ஏரியின் ஒரு வளைவில் மோட்டாரை அணைத்து, தூண்டிலில் குஞ்சுமீனைக் கோத்து இறக்கினோம், சூரியன் மரங்களுக்குப் பின்னால் போகிற நேரம், மீன் கரையோரம் வருகிற நேரம், அப்போது ஆர்லிஸ், "ஏய், என் சாக்ஸ் நனைஞ்சிருக்கு, யாரு பியரைக் கொட்டினது?" என்றார், பிரிட்டா குனிந்து பார்த்து, "அம்மா, அது பியர் இல்ல, ஏரி!" என்று கத்தினாள். ஆர்லிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான்… மாட்டாம விட்டுட்டேன். போன மாசம் ஒரு புள்ளைய ஏத்தாம ஸ்டாப்பையே தாண்டிட்டேன், இப்ப இது." சொல்லிக்கொண்டே மோட்டாரைப் போட்டார், வேகமாக ஓட்டினால் வந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் வெளியே போய்விடும், போனது, என்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாரோ? சும்மா இருந்துவிடலாமா? இந்த ஊரில் படகை மூழ்கடிக்கப் பார்த்தவன் என்று பெயர் வாங்கினால் தூண்டில் கடையில் சாகும்வரை அதே கேலிதான்… ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர், "எப்படி மறந்தேன்?" என்று தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார், பிரிட்டா அம்மாவைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தாள், ஐயோ, இது எனக்காகப் போடும் வேஷமில்லை. "ஆர்லிஸ், நீங்க இல்ல, நான்தான், என் பாக்கெட்லயே இருக்கு!" என்று காற்றுக்கு மேலே கத்திவிட்டு, படகின் பின்பக்கம் கவிழ்ந்து படுத்து, போன வாரம் வரை பனிக்கட்டியாக இருந்த தண்ணீருக்குள் கையை விட்டு அடைப்பானைத் திருகினேன்.

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள், கண்ணில் தண்ணீர் வர, "நீயா! அடப்பாவி மாப்ள, நீதான் முட்டாளா! கடவுளே, ரொம்ப நன்றி!" என்று என் முதுகில் அறைந்தார், பிரிட்டாவும், "இனிமே உன் பேரு ஓட்டைப்படகு" என்றாள், பாரமெல்லாம் இறங்கிவிட்டது, திட்டு வாங்குவது இவ்வளவு சுகமா? அடுத்த அரைமணியில் ஆர்லிஸ் நாலு மீன் எடுத்தார், இருட்டுகிற வெளிச்சத்தில் அவற்றின் கண் பூனைக்கண் போல மின்னியது, எனக்கும் ஒன்று, சின்னது, திரும்ப விட்டுவிட்டேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கரைக்கு வரும்போது, "அது சரி, அதை நீ எப்ப எடுத்த? என்கிட்ட சொல்லவே இல்லியே?" என்று அவர் சாதாரணமாகக் கேட்கும் வரை. நான் எடுக்கவில்லை. காலையில் சமையலறையில் அவரேதான் என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, "தொலைச்சே, கல்யாணம் கிடையாது" என்று சொன்னார்… அப்போது பிரிட்டா பக்கத்தில் இல்லை. அவசரத்தில் மறந்திருப்பார், எல்லோரும் மறப்பதுதானே, நானே மறந்தேனே? சிரித்துத் தலையாட்டிவிட்டேன். இதோ, இரண்டு பேரும் அங்கே மீன் அளந்து கொண்டு ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு ஆர்லிஸ் பஸ் எடுக்க வேண்டும். இதை யார் முதலில் படித்தாலும் சரி, அவர் கொடுத்ததையே மறந்துவிட்டார் என்று பிரிட்டாவிடம் நான் சொல்ல வேண்டுமா, திங்களுக்குள் ஒரு வரி எழுதுங்கள்.