நேராகப் போன முன்சக்கரம்

வண்டி திரும்பவில்லை. கயல்விழி அதை மூன்று பேரிடம் சொன்னாள். மூன்று பேரும் நம்பவில்லை.

திருத்தணி மலையிலிருந்து இறங்கும்போது, தூறலில், இரண்டாவது வளைவில் அது நடந்தது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினாள். வண்டி நேராகப் போனது. இன்னும் திருப்பினாள். இன்னும் நேராகப் போனது. சாலையோரச் சுவர் தடுத்தது. பின்னால் இருந்த ஐந்து பக்தர்களுக்கும் அடி இல்லை. பம்பர் கழன்றது.

அந்த வாடகை வேன் அக்கா புருஷன் ஜெகநாதனுடையது. இரண்டு வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

"நீ திருப்பல கயலு. பயந்துட்ட."

"திருப்பினேன் பாவா. முழுசா திருப்பினேன்."

"திருப்பினா வண்டி திரும்பாம இன்னா பண்ணும்? பம்பர் மாட்டியாச்சு. திங்கக்கிழமைலேருந்து விஜயன் ஓட்டட்டும். நீ ஊட்ல இரு."

வேன் ஸ்டாண்டில் இன்னொரு டிரைவரான விஜயன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா மேல தப்பில்லபா. மலைதான் ஒதுங்கி வழி விட்டிருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் ஒரு டீ வாங்கிக் குடித்தாள்.

அன்று மாலை கைப்பேசியில் தேடினாள். ஒரு காணொளியில் ஒருவர் அதற்குப் பெயர் சொன்னார்: அண்டர்ஸ்டியர். முன்சக்கரம் தரையைப் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. வேகம் அந்த எல்லையைத் தாண்டினால் சக்கரம் திரும்பியிருக்கும், வண்டி திரும்பாது. மேலும் திருப்பினால் மேலும் வழுக்கும். மூன்று முறை கேட்டாள். காதுக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அக்கா புஷ்பலதா, அவளும் நம்பாவிட்டாலும், சாவியை எடுத்துக் கொடுத்தாள். "எங்கயாவது மோதினா நான் குடுக்கல, நீ திருடிகினு போன."

கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஏரி வறண்டு கிடந்தது. நடுவில் கம்பி அடித்து, ஐம்பது அடிக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டாள். கோட்டின் மேலேயே வண்டியை ஓட்டினாள்.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கோட்டில் போனது. இருபத்தைந்திலும் போனது. முப்பதைத் தாண்டியதும் வண்டியின் மூக்கு வெளியே விலகியது. திருப்பினாள். இன்னும் விலகியது. ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது. மலையில் இருந்த அதே லேசு.

அடுத்த சுற்றில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். ஸ்டீயரிங்கை விரற்கடை அளவு நேராக்கினாள். சக்கரம் மண்ணைக் கவ்வியது. கை கனத்தது. வண்டி கோட்டுக்கு வந்தது.

நாற்பது சுற்று. வெயில் ஏறியது. இறங்கி முன் டயரில் நகத்தை வைத்துப் பார்த்தாள். நகம் இறங்கப் பள்ளம் இல்லை. பின் டயர் புதியது. மலைக்கு ஓட்டும் ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் அப்படித்தான். பக்தர்களும் பைகளும் பின்னால். அதனால் நல்ல டயரும் பின்னால்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெகநாதனை அழைத்து வந்தாள்.

"ராட்டினம் சுத்தறதுக்கா கூட்டிகினு வந்த?"

"ஓட்டுங்க பாவா. கோட்ட விட்டு வெளிய போவக்கூடாது. முப்பத்தஞ்சு."

முப்பது வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு வண்டி விலகியது.

"கால எடுங்க. ஸ்டீயரிங்க கொஞ்சம் நேராக்குங்க."

அவர் முழுக்கத் திருப்பினார். வண்டி கோட்டைத் தாண்டி வேலிக்காத்தான் புதரில் போய் நின்றது. முள் கண்ணாடியில் உரசியது.

"நான் திருப்பினேன்," என்றார்.

"ஆங். பாத்தேன்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவள் முப்பத்தைந்தில் ஓட்டினாள். மூக்கு விலகியது. காலை எடுத்தாள், கையைத் தளர்த்தினாள், கோட்டுக்கு வந்தாள். இன்னொரு முறை செய்தாள். மூன்றாவது முறை, தலைக்கு மேலே பிடித்திருந்த கைப்பிடியை அவர் விட்டார்.

"அப்ப அன்னிக்குத் தப்பு யார் மேல?"

"வேகம் என்னுது. தேஞ்ச டயர் உங்களுது."

அவர் வெளியே பார்த்தார்.

"விஜயன் கைல நாளைலேருந்து ஓட்டுன்னு சொல்லிட்டனே."

"நான் சொல்லிக்கிறேன். இப்ப டயர் கடைக்குப் போலாம்."

"பத்து மணிக்குத்தான் தொறப்பான்."

"காத்துகினு இருக்கலாம் பாவா," என்று கியர் போட்டாள்.